கழற்றி வைத்த கதவு

சாயங்காலம் ஐந்தரை மணி. கடைசி பஸ் திரும்பிப் போய்விட்டது. மலைமேல் ஏறுகிற ஒற்றைச் சாலை... இரண்டு பக்கமும் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. மூடுபனி. அதில் ஒரு பெண் தனியாக ஏறிக்கொண்டிருக்கிறாள். கையில் துணிப்பை, தோளில் மருந்துப் பெட்டி.

ஓரத்தில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வரப்போவதில்லை. நான் இதைக் கத்திச் சொல்லப்போவதும் இல்லை.

அந்தப் பெண், என்னோடு ஒரே பட்டறையில் வேலை பார்க்கும் தச்சனின் அக்கா. நர்ஸ். ஆஸ்பத்திரி நர்ஸ் இல்லை... படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிற நர்ஸ். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வாய் கொஞ்சம் நீளம். சாகக் கிடப்பவர்களோடேயே காலம் தள்ளியவள், பயம் என்றால் சிரிப்பாள். ராத்திரி பேய் கீய் வந்தால் என்ன செய்வாய் என்று தம்பி ஒருமுறை கேட்டதற்கு, நோயாளியைப் புரட்டிப் போட எனக்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, வந்தால் நல்லது என்றாளாம். அப்படிப்பட்டவள்.

பாதி வழியில் ஒரு வாசனை. ஈரக் கம்பளி வாசனை. நனைந்த கம்பளியைக் காயப்போடாமல் மூட்டை கட்டி வைத்தால் வருமே... அது. ஆட்டு மந்தை ஏதாவது வருகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பனிதான். ஆனால் பின்னால் நடக்கிற சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் இல்லை. அவசரமில்லாத, அசந்துபோன கால்கள். நாம் மெதுவாக நடக்கிறோம், அவர்கள் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

யாரும் கடந்து போகவில்லை.

சத்தமும் நின்றுவிட்டது. அவள் நடந்தால் அதுவும் நடந்தது. ‘மலைன்னா எதிரொலி இருக்கத்தான் செய்யும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறிவிட்டாள்.

மேலே இருப்பது துறவிகள் மடம். கருங்கல் சுவர், ஆள் உயரத்துக்கு மேல் ஆள் உயரம். வாசல் வளைவு பெரியது. ஆனால் வாசலில் கதவு இல்லை. துருப்பிடித்த கீல்கள் மட்டும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே போனால், கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அந்தக் குளிரில், அந்தக் காற்றில்... உள் அறைகளுக்கும் கதவு கிடையாது. எல்லாவற்றுக்கும் கனத்த திரைச்சீலை.

அவளை எதிர்கொண்டது சமையல் பிரதர். அறுபதைத் தாண்டியவர், கை முழுக்கத் தீப்புண் தழும்பு. அதிகம் பேசாதவர். அவளை மடத்துத் தலைவரிடம் கூட்டிப்போனார். பெரிய ஃபாதர் என்றுதான் அவரை அங்கே கூப்பிடுவார்கள். அவருக்குப் பேச்சு பிடிக்கும். அதிலும் மடத்தின் வரலாறு என்றால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கையைக் கட்டிப்போட்டுவிட்டுச் சொல்வார். அந்த வருஷம் மடத்துக்கு ஐம்பதாவது வருஷம். விழாவுக்கு ஆயர், பிஷப்தான், வரப்போகிறார். நடைபாதைச் சுவர் முழுக்கப் புதிதாகப் படம் தீட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் அவளை நிறுத்திச் சொன்னார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குப் பழைய மடம் ஒன்று இருந்தது. அரசாங்கம் மாறியது. பட்டாளத்துக்காரர்கள் வந்து, சாயங்காலத்துக்குள் வெளியேறு என்றார்கள். புத்தகசாலை எரிவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே துறவிகள் நடந்தார்கள். பனிக் கணவாய். வழியிலேயே சிலரைப் புதைத்தார்கள். கடைசியில் இந்த மலையடிவாரத்து ஊருக்கு வந்து சேர்ந்தபோது காலில் செருப்பில்லை. கிழிந்த அங்கியைத் தவிர உடம்பில் வேறெதுவும் இல்லை. ஊர்க்காரர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய உப்புக் கிடங்கைத் திறந்துவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு போர்வை வந்தது. அப்புறம் மலைமேல் இடம் கொடுத்தார்கள். கல் உடைத்துக் கொடுத்தார்கள். துறவிகளும் ஊரும் சேர்ந்து கட்டிய மடம் இது.

பழைய காலத்துப் படங்கள் அதோடு முடிந்தன. அடுத்த படத்தில் இருந்தது பெரிய ஃபாதரே... தோட்டத்தில் மரம் நடுகிற மாதிரி. நடுவில் பல வருஷங்களைக் காணோம். அக்கா கவனித்தாள். கேட்கவில்லை.

அவள் பார்த்துக்கொள்ள வேண்டியது வாசல் பிரதரை. கணவாயைக் கடந்து வந்தவர்களில் உயிரோடு மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். அப்போது வாலிபப் பையன். வாசல் கட்டிய நாளிலிருந்து வாசல் காவல் அவருடைய வேலை. இப்போது பக்கவாதம். வலது கையைத் தவிர எதுவும் அசையாது. பேச்சு போய்விட்டது.

ஒரே ஒரு நிபந்தனை என்றார் பெரிய ஃபாதர். இந்த மடத்தில் எதையும் தட்டக்கூடாது. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும்.

“கதவே இல்லாத எடத்துல எதைப் போய்த் தட்டப்போறேன்?” என்று கேட்டாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. சமையல் பிரதரும் சிரிக்கவில்லை.

வாசல் பிரதர் சுத்தமான நோயாளி. அடம் பிடிக்க மாட்டார். கரண்டியால் கஞ்சி ஊட்டினால் விழுங்குவார். முதுகுப் புண்ணைத் துடைத்து மருந்து போடும்போது வலிக்கும், கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் தூங்க மாட்டார். திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருப்பார். வலது கை மட்டும் ஓயாது. விரல்களைக் கோத்து, எதையோ அடியில் பிடித்து, மேலே தூக்குகிற மாதிரி... தூக்கும், பாதியில் நிற்கும், விழும். திரும்பத் தூக்கும். நரம்புக் கோளாறு என்று அவள் நினைத்தாள். தைலம் போட்டு நீவிவிட்டாள். கை நிற்கவில்லை.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கோப்பையின் அடியில் பொடி ஒட்டிக்கொண்டது. அதை உதிர்க்கக் கட்டிலின் மரச்சட்டத்தில் கோப்பையைத் தட்டினாள். டக்... டக்... டக்.

“இறைவனுக்கு நன்றி.”

வாலிபக் குரல். தெளிவான குரல். மழையில் வந்த விருந்தாளியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற மாதிரி குரல். வாசல் பக்கத்திலிருந்து வந்தது.

அக்கா திரும்பிக் கிழவரைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரை வழிந்துகொண்டிருந்தது.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நடைபாதையில் யாரும் இல்லை. அப்போது அந்த வாசனை வந்தது... ஈரக் கம்பளி. கதவில்லாத வாசலுக்கு வெளியே ஆட்கள் நிற்கிற சத்தம். பார்த்தால் யாருமில்லை. சத்தம் மட்டும். குளிருக்குக் காலை மாற்றி மாற்றித் தரையில் உதைக்கிற சத்தம். மூட்டையை இறக்கி வைக்கிற சத்தம். ஏதோ பாத்திரத்தின் மூடி நழுவி விழுந்து உருண்டு நின்றது. ஒரு குழந்தை மூக்கை உறிஞ்சியது. யாரோ ஒரு பெண் சன்னமாகச் சொன்னாள்:

“அழாத. பதில் சொல்லிட்டாங்கல்ல... இதோ தொறந்துடுவாங்க.”

கேட்ட குரல்களிலெல்லாம் நிம்மதி. அக்காவை உலுக்கியது அதுதான். அழுதிருந்தால், கத்தியிருந்தால் அவளுக்குப் பழக்கம். இது நிம்மதி. ஒருவருக்கொருவர் மூட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டார்கள். சின்னவர்களை முன்னால் விடச் சொன்னார்கள்.

அப்புறம் அது அடங்க ஆரம்பித்தது. மெதுவாக. முதலில் கால் உதைப்பது குறைந்தது. பேச்சு குறைந்தது. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. அந்தப் பெண்குரல் மட்டும், நடுநடுவே, ‘இதோ... இதோ’ என்று. விடியும் முன்னால் அதுவும் நின்றது. அக்கா அதுவரை நடைபாதைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போக முடியவில்லை என்றாள். போனால் அவர்களை விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது என்றாள்.

காலையில் நேராக சமையலறைக்குப் போனாள். சமையல் பிரதர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

“எதைத் தட்டினீங்க?” என்று கேட்டார்.

கோப்பை என்றாள். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். அன்றைக்கு அவர் சொன்னதுதான் படத்தில் இல்லாத வரலாறு.

மடம் கட்டிப் பத்து வருஷம் போல ஆனபிறகு சண்டை எல்லையைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்தது. அடிவாரத்து ஊர் எரிந்தது. உப்புக் கிடங்கைத் திறந்துவிட்ட அதே ஊர். போர்வை கொடுத்த அதே வீடுகள். ஊர் ஜனம் போக்கிடம் எது என்று யோசிக்கவே இல்லை, மலை ஏறியது. நாம் கட்டிக்கொடுத்த மடம், நமக்கில்லாமல் யாருக்கு?

அப்போதைய தலைவர் வேறொருவர். கணவாயில் ஆட்களைப் புதைத்துவிட்டு வந்தவர். புத்தகசாலை எரிந்ததைப் பார்த்தவர். இவர்களை உள்ளே விட்டால் பட்டாளம் பின்னாலேயே வரும், இந்த மடத்தையும் கொளுத்தும் என்று பயந்தார். எல்லோரையும் கூப்பிட்டு, கதவைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். துறவிகள் தலைகுனிந்து நின்றார்கள். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்துகொடுத்தவர்கள்.

சமையல் பிரதர் அப்போது புதிதாகச் சேர்ந்தவர். எப்படியும் மனம் மாறித் திறந்துவிடுவார்கள் என்று நினைத்துப் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி வைத்தார். ஆறியது. திரும்பச் சுட வைத்தார். திரும்ப ஆறியது.

இந்தத் துறவிகளுக்கு ஒரு பழைய சட்டம் உண்டு. வாசலை யார் தட்டினாலும், காவலுக்கு இருப்பவர் முதலில் ‘இறைவனுக்கு நன்றி’ என்று சொல்ல வேண்டும். வந்தவரைக் கடவுளே அனுப்பினார் என்று அர்த்தம். சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

“தட்டினா பதில் சொல்லணும்கறது சட்டம். தொறக்காதேங்கறது உத்தரவு,” என்றார் சமையல் பிரதர். “அன்னிக்கு வாசல்ல நின்ன இந்த மனுஷன் ரெண்டையும் மீறல.”

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது.

வெளியே பனி கொட்டியது. அவர்கள் தட்டினார்கள். உள்ளேயிருந்து, ‘இறைவனுக்கு நன்றி.’ திறக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினார்கள். மறுபடி, ‘இறைவனுக்கு நன்றி.’ சாவி தேடுகிறார்கள் போல. மூத்தவரிடம் கேட்கப் போயிருக்கிறார்கள் போல. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்டுக் கொட்டகை இருந்தது. பூட்டில்லாதது. உள்ளே நிறைய வைக்கோல். கூட்டத்தோடு சேராமல் கடைசியில் வந்த ஒரு குடும்பம் அதற்குள் போய்ப் படுத்தது. அந்தக் குடும்பம் பிழைத்தது.

“போங்க, இங்க எடம் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாரும் அங்க போயிருப்பாங்க,” என்றார். “இவர் நன்றி சொல்லிச் சொல்லியே நிறுத்தி வச்சுட்டாரு.”

எத்தனை பேர் என்று அக்கா கேட்டாள். அவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

பட்டாளம் மலைக்கு வரவேயில்லை. வேறு வழியாகப் போய்விட்டது.

விடிந்ததும் கதவைத் திறந்தபோது அது வெளிப்பக்கம் கனத்தது என்றார். சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மடத்தின் பின்பக்கம் புதைத்தார்கள். சிலுவை வைக்கவில்லை. பெயர் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை, எழுதத்தான் யாருக்கும் கை வரவில்லை. ஒரு வருஷம் கழித்து, அந்தத் தலைவர் ஒரு நாள் எழுந்துவந்து, தன் கையாலேயே மடத்தின் எல்லாக் கதவுகளையும் கழற்றினார். கழற்றி முடித்த வாரமே படுத்தார், எழுந்திருக்கவில்லை.

“கழட்டினா சரியாப் போயிடும்னு நினைச்சாரு. இத்தனை வருஷமா வாசல் தொறந்துதான் கெடக்கு. யாராவது தட்டற சத்தம் கேட்டா அவங்க வர்றாங்க. ஆனா ஒருத்தரும் உள்ள வர்றதில்லை. அவங்களுக்கு அது இன்னும் மூடியேதான் இருக்கு.”

அன்றைக்கு முழுக்க அக்கா கிழவர் முகத்தைப் பார்க்கவில்லை. கஞ்சி ஊட்டினாள், புண்ணைத் துடைத்தாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. கொஞ்சம் அழுத்தித் துடைத்ததாகவும் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் கண்ணை மூடிக்கொண்டாரே தவிர முனகக்கூட இல்லை. கை மட்டும் தூக்கியது, பாதியில் நின்றது, விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு அது என்னவென்று தெரிந்தது. கதவுக்குக் குறுக்கே போடுகிற தாழ்க்கட்டை. அதைத் தூக்குகிறார். தூக்க முடியாமல் விடுகிறார். நாற்பது வருஷமாக.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“தொறக்கணும்னு இருக்கா உங்களுக்கு?” என்று கேட்டாள்.

அவர் கை நின்றது. கண் அவள் முகத்தில் வந்து நின்றது. அவ்வளவுதான் பதில்.

பெரிய ஃபாதரிடம் போனாள். கதவைத் திரும்ப மாட்டி, தாழ் போட்டு, கிழவர் கையாலேயே ஒரு முறை திறக்க விடலாம் என்றாள். ஃபாதர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆயர் வரும் நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்றார். மூடநம்பிக்கையை மடம் ஆதரிக்க முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த ராத்திரி தான் இங்கே இல்லை என்றும், தான் இல்லாத ஒரு ராத்திரிக்குத் தன்னைப் பதில் சொல்லச் சொல்வது நியாயமில்லை என்றும் சொன்னார்.

“அப்போ போர்வை வாங்கினப்போ மட்டும் இருந்தீங்களா? அதை மட்டும் ‘நாங்க’, ‘நாங்க’ன்னு சொன்னீங்க,” என்றாள் அக்கா.

அவர் முகம் கறுத்தது. பேச்சு முடிந்தது.

அடுத்த வாரம் அவர் விழா விஷயமாக நகரத்துக்குப் போனார். அக்கா அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டாள். அதனால்தான் எனக்கு இந்தக் கதை இவ்வளவு தெரியும். ஒரு கீல் மாட்டணும், வா என்றாளாம். இவன் உளியும் திருப்புளியும் கிரீஸ் டப்பாவும் எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் போனான். தார்ப்பாயை எடுத்துக் கதவைப் பார்த்தபோது அவனுக்கு ஆச்சரியம். தேக்கு. இத்தனை மழையிலும் ஒரு இடத்தில்கூட உளுக்கவில்லை. வெளிப்பக்கம் மட்டும், இடுப்பு உயரத்துக்குக் கீழே, மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அவனும் சமையல் பிரதரும் நெம்புகோல் போட்டு, தம் கட்டித் தூக்கி, கீலில் இறக்கினார்கள். கிரீஸ் தடவினார்கள். தாழ்க்கட்டையைக் குறுக்கே போட்டார்கள். பொழுது சாய்ந்துவிட்டது.

கிழவரைப் போர்வையில் சுற்றிச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தாழுக்கு எதிரே நிறுத்தினார்கள். அக்கா பக்கத்துத் தோட்டச் சந்து வழியாக வெளியே போனாள். யாராவது வெளியே நிற்க வேண்டும் அல்லவா?

தூறல். குளிர் எலும்பில் இறங்கியது. அவள் மூடின கதவின் முன்னால் நின்றாள். பின்னால் சாலை. அந்தச் சாலையைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டாள். கையை ஓங்கித் தட்டினாள்.

“இறைவனுக்கு நன்றி.”

உள்ளே நின்ற தம்பி, அதாவது என் நண்பன், சத்தியம் பண்ணுகிறான்... கிழவர் வாய் அசையவில்லை. குரல் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து, நிற்கிற ஓர் ஆளின் உயரத்திலிருந்து வந்தது. அவன் காதுக்கு நேரே. மூச்சுக்காற்று மேலே பட்டது என்கிறான்.

வெளியே அந்த வாசனை. அந்தக் கால்கள். அக்காவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். மூட்டைகள் இறங்கின. மூடி உருண்டது. அவள் புடவைத் தலைப்பை யாரோ பிடித்துக்கொண்டார்கள். இடுப்புக்குக் கீழே, சின்னக் கை.

உள்ளே, கிழவர் கை தாழ்க்கட்டைக்கு அடியில் போனது. தூக்கியது. பாதியில் நின்றது. என் நண்பன் ஒரு பக்கமும் சமையல் பிரதர் ஒரு பக்கமும் தங்கள் கையையும் அடியில் கொடுத்தார்கள். தூக்கினார்கள். கட்டை கழன்று கீழே விழுந்தது.

கதவு திறந்தது.

அக்கா ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள். தலைப்பைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. கிழவர் பார்த்தார். அக்காவை இல்லை... அவளைத் தாண்டி. ஒவ்வொருவராக. மேலே, கீழே, அந்தப் பக்கம், இந்தப் பக்கம். அவருக்குத் தெரிந்தார்கள். வாய் கோணிக்கொண்டு, நாக்கு குழறி, பக்கவாதம் வந்தபிறகு முதல்முதலாக ஒரு வார்த்தை வந்தது.

“வா... ங்க.”

யாரும் அசையவில்லை.

தூறல் சத்தம் மட்டும். அப்புறம் அக்காவின் காதோரம் அந்தப் பெண்குரல். களைத்த குரல். உள்ளே நின்ற இரண்டு பேருக்கும் கேட்டது.

“இருக்கட்டும்ப்பா. நாங்க வேற எடம் பாத்துக்கறோம்.”

கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்பாள் அக்கா. அடுத்த வீட்டில் கைமாற்றுக்குப் போய், இல்லையென்று தெரிந்ததும் சொல்வோமே... அப்படிச் சொன்னாள்.

மூட்டைகளைத் தூக்கினார்கள். குழந்தை மூக்கை உறிஞ்சியது. கால்கள் திரும்பின. சாலையில் இறங்கிப் போகிற சத்தம், தேய்ந்துகொண்டே... ஓடைப் பக்கம் திரும்பியது.

கிழவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியாத உடம்பு எழும்பியது என்கிறான் என் நண்பன். ‘இருங்க’ என்றார். அந்தச் சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப. அக்கா ஓடிவந்து பிடிப்பதற்குள் முன்னால் சரிந்தார். நாடி பார்த்தாள். இல்லை.

அக்காதான் குளிப்பாட்டினாள். நகம் வெட்டினாள். கை இரண்டையும் நெஞ்சின்மேல் சேர்த்து வைத்தாள். சுத்தமான கை, ஒரு கீறல் கிடையாது, மெழுகு மாதிரி இருந்தது என்றாள். அன்றிரவு முழுக்க அவளும் தம்பியும் சமையல் பிரதரும் கோயிலில் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மடத்தில் அவ்வளவு அமைதியைத் தான் பார்த்ததில்லை என்றார் சமையல் பிரதர். அவர் அழவில்லை. என்னமோ இழந்த மாதிரி இருந்தார்.

காலையில் பெரிய ஃபாதர் வந்து சேர்ந்தார். கதவைப் பார்த்தார், கழற்றச் சொன்னார். அடக்கப் பூசையில் நன்றாகப் பேசினார். நமது மடம் அகதிகள் கட்டிய மடம், அதன் வாசல் யாருக்கும் மூடப்பட்டதில்லை, அந்த வாசலின் காவலர் இன்று விண்ணக வாசலில் நிற்கிறார், தட்டுங்கள் திறக்கப்படும் என்று ஆண்டவர் சொன்னது அவருக்காகத்தான் என்றார். முன்வரிசையில் ஒரு சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சமையல் பிரதர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பெட்டியை மூடுவதற்கு முன், கடைசியாகத் துணியைச் சரிசெய்ய அக்கா குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். தம்பியைக் கூப்பிட்டாள்.

வலது கை விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. செத்த உடம்பு வீங்கும், ஆனால் இப்படி வீங்காது. செத்த ரத்தம் கசியாது. அவளுக்குத் தெரியாததா? விரலால் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. பஞ்சால் துடைத்தாள், திரும்பக் கசிந்தது. உரிந்த தோலில் மரச்சிலாம்புகள் ஏறியிருந்தன. என் நண்பன் ஒன்றைப் பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான்.

“இது அந்தக் கதவோட மரமில்லக்கா,” என்றான். “இது மட்டமான பலகை. ஆட்டுக் கொட்டகைக்கு அடிக்கறது.”

இன்னொன்றைப் பிடுங்கக் குனிந்தவன் கையை இழுத்துக்கொண்டான். அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே... அசையாமல் நெஞ்சின்மேல் கிடந்த அந்தக் கையில்... அதுவரை காயம்படாமல் இருந்த சுண்டுவிரல் முட்டியின் தோல், மெதுவாகப் பிய்ந்தது.